இருபத்தெட்டு நாள் பிந்திய பதிவு

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் பலெர்மோவில் ஒரு கல்லூரியில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தேன். பதினொரு வகுப்பறைகள், நான்கு கழிப்பறைகள். யாழ்ப்பாணத்தில் பத்தொன்பது வருடம் வங்கியில் இருந்தவன் நான். அதனால் செவ்வாய் மாலைகளில் நடந்த நிதிக்குற்றப் புலனாய்வு வகுப்பின் கதவைத் துடைக்க மட்டும் எனக்கு அதிக நேரம் பிடித்தது. அதைக் கண்ட விரிவுரையாளர் அம்மா, கடைசி வரிசையில் வந்து உட்காரச் சொன்னார். ஆறு வகுப்புகள் கேட்டேன். பணம் கை மாறிய திகதியும் அது பதிவான திகதியும் ஒத்துப்போகாத இடத்தில்தான் களவு ஒளிந்திருக்கும் என்பது என் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது.

அந்த நாட்களில் நகரின் அல்பெர்கேரியாப் பகுதியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, எங்கள் ஆட்கள் வெள்ளிக்கிழமைகளில் பூசை நடத்தினார்கள். வீடு வீடாகப் போய்ப் பூசைக் காசு சேர்த்தவர் என்னைவிடப் பத்து வயது இளைய பொருளாளர். அவருடைய கணக்குக் கொப்பியையும் பற்றுச்சீட்டுப் புத்தகத்தையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நாற்பத்தொரு பதிவுகளில் நாற்பது சரி. ஒரு தாயின் ஐம்பதாயிரம் லீரா மட்டும் பற்றுச்சீட்டில் ஒரு வெள்ளி, கொப்பியில் அதற்கு நாலாம் வெள்ளி.

பூசைக்குப் பிறகு நடந்த அடுத்த கூட்டத்தில் எழுந்து அதைக் கேட்டேன். அந்தத் தாயும் அங்கே இருந்தார். எழுபது வயதிருக்கும், இருதய வருத்தக்காரி. மூத்த மகனோடு இருந்தார். மகன் அன்று வேலைக்குப் போயிருந்தார். காசு எப்போது கொடுத்தீர்கள் என்று தாயிடம் கேட்டேன்.

“சீட்டுத் தந்த அண்டைக்கே குடுத்தனான் தம்பி. என்ரை கையாலை” என்றார்.

அப்படியென்றால் இருபத்தெட்டு நாளும் அந்தக் காசு யாருடைய சட்டைப்பையில் கிடந்தது என்று கேட்டேன். பொருளாளர் ஒருதரம் அந்தத் தாயைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். பத்து வருடமாக வைத்திருந்த பூசை அறைக் கதவின் திறப்பை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். ஒருவரும் தடுக்கவில்லை. என் ஆராய்ச்சி பலித்துவிட்டது என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை அதை விரிவுரையாளரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: கூட்டத்துக்கு முன் அந்த மனிதரைத் தனியாகக் கண்டு கேட்டீர்களா?

கேட்கவில்லை. அடுத்த நாள், வலிக்கும் முழங்காலோடு எழுபத்தாறு படி ஏறி அவர் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்தார். கதவைச் சாத்திவிட்டுத்தான் கதைத்தார்.

“அண்ணை, அவவின்ரை இளைய மகன் ஊரிலை செல் குண்டு விழுந்து செத்துப்போனான். மூத்தவர் எனக்கு மட்டுந்தான் சொன்னவர். அவவுக்கு இன்னும் தெரியாது, தெரிஞ்சால் தாங்கமாட்டா. துடக்கு வீட்டுக் காசைச் சாமிக் காசோடை போடேலுமே? வேண்டாமெண்டால் ஏனெண்டு கேப்பா.”

அதனால் அந்தக் காசை ஓர் உறையில் தனியாக வைத்திருந்து, சாவுத் தீட்டான துடக்கு முப்பத்தொரு நாளும் கழிந்த பிறகு வந்த முதல் வெள்ளியில் பதிந்திருக்கிறார். என் தகப்பனுக்கும் தாய்க்கும் அதே முப்பத்தொரு நாளை விரலில் எண்ணிக் காத்தவன் நான். கொப்பியில் பிந்திய திகதியைக் கண்டபோது அது என் நினைவுக்கு வரவில்லை.

அவர் காலடியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். எழுப்பிவிட்டார். ஆனால் அவர் மேல் விழுந்த பழியை நான்தான் துடைக்கவேண்டும், காரணத்தையும் சொல்ல முடியாது. அடுத்த கூட்டத்தில், பிழை என்னுடையது, நாட்களை எண்ணியதில் தவறிவிட்டேன் என்று சொன்னேன்.

“பாங்கிலை இருந்த ஆளுக்கு நாலு கிழமை எண்ணத் தெரியேல்லையோ?” என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். திறப்பு பொருளாளர் கைக்குத் திரும்பியது.

கூட்டம் முடிய அந்தத் தாய் என்னருகே வந்து தோளைத் தட்டினார்.

“யோசியாதேங்கோ தம்பி. என்ரை இளையவனும் கணக்கிலை உப்பிடித்தான்.”

பலெர்மோவை விட்டு வரும்வரை கணக்குத் தெரியாதவன் என்ற பெயர் என்னோடு இருந்தது. இன்றும் கணக்கில் ஒரு திகதி பிந்தியிருந்தால் என் கண் அங்கேதான் போய் நிற்கிறது. ஆனால் அதை எழுதியவரைத் தனியே கண்டு கேட்கும்வரை வாய் திறப்பதில்லை.