கையெழுத்து நோட்டு

அப்பாவின் நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், இனி ஒரு சிகரெட்கூடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். பாண்டி பஜார் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி புடவை விரித்துக் காட்டும் மனுஷர். அவருக்கு இருந்த ஒரே சுகம் அது. நிறுத்தினார். ஆனால் சினிமாக் கொட்டகையில் பக்கத்து சீட்டுக்காரன் பற்றவைத்தால் அப்பாவின் கை தானாகச் சட்டைப் பையைத் தடவும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அப்போது எழுபதுகளின் தொடக்கம். சட்டம் போட்டால் ஊர் திருந்திவிடும் என்று நம்புகிற வயசு எனக்கு.

மயிலாப்பூர்க் கல்லூரித் தோழன் ஒருவன் என்னோடு சேர்ந்துகொண்டான். கொட்டகையிலும் பஸ்ஸிலும் புகைக்கக் கூடாது, பள்ளிக்கூடத்துப் பக்கம் விற்கக் கூடாது, இதை மாநில அரசு சட்டமாக்க வேண்டும் என்று மனு. ஞாயிற்றுக்கிழமைகளில் மேற்கு மாம்பலம், அசோக் நகர் என்று வீடு வீடாக ஏறி இறங்கினோம். நோட்டில் பெயர், கதவு எண், கையெழுத்து. நாலாவதாக ஒரு கட்டம் போட்டது என் அதிமேதாவித்தனம்: வீட்டில் யார் புகைக்கிறார், எந்த சிகரெட். மந்திரி படித்து மனம் உருகுவாராம்! பெண்கள் ஒளிக்காமல் சொன்னார்கள். அப்பா பெயருக்கு நேரே, "நிறுத்தி மூன்று மாதம்" என்று பெருமையாக எழுதினேன்.

டைப் அடித்துக் கோட்டையில் கொடுப்பதாகச் சொல்லி அவன் நோட்டை வாங்கிப் போனான். ஒரு வாரம் கழித்து, "குடுத்துட்டேன்டா, கவலைப்படாதே" என்றான். நான் தினமும் பேப்பரில் சட்டசபைச் செய்தியைத் துழாவினேன். இதற்கிடையில் அவனுக்கு விற்பனைப் பிரதிநிதி வேலை கிடைத்தது. டை கட்டி ஸ்கூட்டரில் பறந்தான். என்னடா விற்கிறாய் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

அடுத்த தெருவில் இட்லி சுட்டு விற்கும் அம்மாள் ஒருநாள் என்னை மறித்தாள்.

"இன்னா தம்பி, சிகரெட்டை ஒழிக்கப்போறேன்னு எழுதிக்கினு போனே. இப்போ உன் கூட்டாளி எங்க ஊட்டுக்காரருக்கு ஓசில பாக்கெட்டு குடுத்துட்டுப் போறான். பேரு சொல்லிக் கூப்புடறான்! அவரு இன்னா புடிப்பாருன்னு அவனுக்கு எப்டித் தெரியும்?"

விசாரித்தேன். நாலாவது கட்டத்தில் எழுதியிருந்த வீடுகளுக்கு மட்டும் அவன் கம்பெனியின் புது சிகரெட் போயிருந்தது.

மயிலாப்பூரில் அவன் வீட்டு வாசலிலேயே சட்டையைப் பிடித்தேன். "கோட்டையில குடுத்தியா இல்லையாடா?"

"இல்லை. எந்த மந்திரி படிக்கப் போறான்? சும்மா கிடந்த நோட்டு, எனக்காவது உபயோகமாச்சு. நீ ரொம்ப நன்னா எழுதியிருந்தே" என்று சிரித்தான். எங்கள் வீட்டில் கை நனைத்தவன், வெயிலில் என்னோடு நடந்தவன். அறைந்திருக்க வேண்டும். பாழாய்ப்போன அழுகைதான் வந்தது.

நோட்டைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பின்பக்கம் துவைக்கிற கல்லில் அப்பா உட்கார்ந்திருந்தார், விரலிடுக்கில் சிகரெட்டோடு. என்னைப் பார்த்தும் மறைக்கவில்லை. இருமல் அடங்கியதும் சிரித்தார்.

"உன் சிநேகிதன் காலையில வந்தான்பா. பில்டர் வெச்சதாம், நெஞ்சை ஒண்ணும் பண்ணாதாம். நீதான் குடுத்தனுப்பினேன்னு சொன்னான். எம்புள்ளைக்கு எம்மேல எவ்வளவு அக்கறைன்னு நெனைச்சுக்கிட்டேன்."