ஜன்னல் வழியாகப் போட்ட இடம்

எனக்கு ரயில் படம் என்றால் உயிர். கதை எப்படி இருந்தாலும் சரி, அதில் ரயில் ஓடினால் போதும், கடைசி வரை உட்கார்ந்து பார்த்துவிடுவேன். ஒரே பெட்டிக்குள் தொடங்கி அதே பெட்டிக்குள் முடிகிற கொலைப் படம், தண்ணீர் பிடிக்க இறங்கிய புருஷனை விட்டுவிட்டு வண்டி கிளம்பிவிடுகிற படம், பிளாட்பாரத்தில் தொலைந்த குழந்தை யார் வீட்டிலோ வளர்ந்து ஆளாகிற படம் என்று எதையும் விட்டதில்லை. “ரயில்வேல வேல செய்யறவன்கூட இப்பிடிப் பாக்க மாட்டான்” என்று என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

அவளுக்கென்ன, சேலத்துக்காரி. ரயில் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவள். நான் பிறந்தது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நாகரசம்பட்டிப் பக்கம். கிருஷ்ணகிரி டவுனுக்கே ரயில் கிடையாது. ரயிலை நான் முதலில் பார்த்தது சினிமாவில்தான். ஓசூரில் கம்பெனி வேலைக்கு வந்து பதினைந்து வருடமாகியும் மாமியார் வீட்டுக்குப் பஸ்ஸில்தான் போவேன்.

பஸ்ஸில் இடம் பிடிப்பதில் எங்கள் ஆட்களை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் வண்டி உள்ளே திரும்பும்போதே கூட ஓடி ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுவோம். துண்டைத் தள்ளிவிட்டு உட்காரும் காலம் வந்தபோது பையைப் போட்டோம். பையையும் தூக்கி மடியில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். அப்புறம் பிள்ளையையே தூக்கி ஜன்னல் வழியாக விட்டோம். பிள்ளையை எழுப்பிவிட்டு யாரும் உட்கார மாட்டார்கள். என் மகளுக்கு நாலு வயதிலிருந்தே இந்த வேலை அத்துப்படி. பக்கத்துச் சீட்டில் கையை வைத்துக்கொண்டு, “ஆளு வருது, ஆளு வருது” என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

ஒரே ஒரு முறைதான் தவறினாள். போன பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது, கூட்டத்தில் என்னைக் காணவில்லை என்று பயந்து எழுந்து படிக்கட்டுப் பக்கம் வந்துவிட்டாள். இரண்டு சீட்டும் போயின. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். “எந்திரிக்காதன்னு சொன்னனா இல்லியா? அறிவிருக்குதா உனக்கு?” என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். அவள் அழவில்லை. உதட்டை மடித்துக்கொண்டு என் காலைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தாள். நான் அன்றைக்கே அதை மறந்துவிட்டேன்.

மச்சினிச்சிக்குப் பிரசவம் என்று மனைவி முன்னாலேயே சேலம் போயிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானும் மகளும் கிளம்பினோம். அவளுக்கு ஆறு வயது. என்னோடு உட்கார்ந்து ரயில் படம் பார்த்துப் பார்த்து அவளுக்கும் அந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. சரி, இந்தத் தடவை ரயிலில் கூட்டிப்போவோம் என்று பைக்கை ஓசூர் ஸ்டேஷன் ஸ்டாண்டில் போட்டுவிட்டு டிக்கெட் எடுத்தேன்.

வண்டி வந்தது. பொதுப்பெட்டி வாசலில் ஒரே கூட்டம். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அந்த நேரத்தில் எனக்கு அது ரயிலாகவே தெரியவில்லை, கிருஷ்ணகிரி பஸ்ஸாகத்தான் தெரிந்தது. கம்பி இல்லாத அவசர ஜன்னல் ஒன்று திறந்திருந்தது. மகளைத் தூக்கி உள்ளே விட்டேன். துணிப்பையையும் கொடுத்தேன். “எடம் போட்டு வெய்யி கண்ணு. அப்பா இப்பிடியே வாசல்ல ஏறி வந்துடறேன். எந்திரிக்காத.”

வாசலுக்கு வந்தால் உள்ளே நுழைய முடியவில்லை. முன்னால் இருந்தவரின் பெட்டி மாட்டிக்கொண்டது. நான் நிதானமாகத்தான் இருந்தேன். பஸ் என்றால் கண்டக்டர் ஆள் ஏறாமல் விசில் கொடுப்பாரா? திரும்பி மகளைப் பார்த்தேன். அவள் ஜன்னலில் எக்கி என்னைத் தேடினாள். ‘உட்காரு, உட்காரு’ என்று கையை அமர்த்திக் காட்டினேன். அப்போதுதான் வண்டி நகர்ந்தது.

ஓடினேன். சினிமாவில் எத்தனை பேர் ஓடி அந்தக் கம்பியைப் பிடித்திருக்கிறார்கள்! உள்ளேயிருந்து ஒரு கை நீளும், அவ்வளவுதான், ஏறிவிடுவார்கள். எனக்கும் கம்பி விரலில் பட்டது. யாரோ சட்டையைப் பின்னால் இழுத்தார்கள். விழுந்தேன். எழுந்தபோது கடைசிப் பெட்டி போய்க்கொண்டிருந்தது. “சங்கிலிய இழுங்க, சங்கிலிய இழுங்க” என்று கத்தினேன். யார் காதில் விழும்?

சட்டையை இழுத்தவர் ஸ்டேஷன் ஊழியர். “ஏன்ரீ, சாயோக்கா?” என்று கன்னடத்தில் திட்டினார். சாகிறதற்கா என்று கேட்கிறார். எனக்கு வாய் குழறியது. “கொழந்த சார், கொழந்த உள்ள இருக்குது.” அவர் முகம் மாறிவிட்டது. “தனியாவா?” என்று கேட்டுவிட்டு என்னை ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கு இழுத்துக்கொண்டு போனார். பச்சைப் பாவாடை, மஞ்சள் சட்டை, அவசர ஜன்னல் என்று நான் சொல்லச் சொல்ல அங்கே இருந்தவர்கள் போனில் சொன்னார்கள். வண்டி அடுத்து ராயக்கோட்டையில் நிற்கும், அங்கே இறக்கிவைப்பார்கள், என் போன் நம்பரையும் கொடுத்தாயிற்று என்றார்கள்.

பைக்கை எடுத்தேன். ராயக்கோட்டைக்குப் போகிற கெலமங்கலம் ரோட்டில் எப்படி ஓட்டினேன் என்று இப்போது சொல்லத் தெரியாது. மண்டைக்குள் படம் ஓடியது. நான் ரசித்துப் பார்த்த படங்கள் ஒவ்வொன்றாக. எதிர் சீட்டில் உட்கார்ந்து மிட்டாய் கொடுக்கிறவன். கதவோரம் காற்று வாங்க நிற்கிற பிள்ளை. இருபது வருடம் கழித்து மச்சத்தை வைத்துக் கண்டுபிடிக்கிற அப்பன். என் மகள் உடம்பில் மச்சம் எங்கே இருக்கிறது? யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை. பெற்ற அப்பனுக்குத் தெரியவில்லை.

போன் அடித்தது. நிறுத்தி எடுத்தேன். மனைவி.

“ஏறிட்டீங்களா?”

“ம்... ஏறியாச்சு.”

“பாப்பாகிட்ட குடுங்க.”

“தூங்குது” என்று சொல்லி வைத்துவிட்டேன். வாய் கூசாமல் வந்தது அந்தப் பொய்.

தக்காளி வண்டிகள் வழியை அடைத்து நின்றன. வண்டிகளுக்கு நடுவே நுழைந்து வெளியே வரும்போது மறுபடி போன். இந்த முறை தெரியாத நம்பர்.

“சார், ராயக்கோட்ட ஸ்டேஷன்லருந்து. பாப்பா இருக்குது. நல்லாத்தான் இருக்குது. ஆனா எறங்க மாட்டேங்குது சார். சீட்ட ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு வரமாட்டேங்குது. நாங்க தூக்குனா கத்துது. கூட இருக்கிறவங்க எங்களயே சந்தேகமாப் பாக்கறாங்க. வண்டிய ரொம்ப நேரம் நிறுத்த முடியாது. நீங்களே பேசுங்க.”

போன் கை மாறுகிற சத்தம்.

“கண்ணு?”

“அப்பா, நெறையப் பேரு கேட்டாங்க. ஆளு வருதுன்னு சொல்லிட்டேன்.”

“சரிடா கண்ணு. இப்ப அந்த மாமாகூட எறங்கிடு.”

“எறங்குனா எடம் போயிடும்.”

“போனா போவுது. நமக்கு வேணாம். எறங்கிடும்மா.”

மெதுவாகக் கேட்டாள். “அன்னிக்கி மாதிரி திட்டுவியா?”

“மாட்டேன்டா, சத்தியமா மாட்டேன்” என்றேன். அவள் கேட்டாளா இல்லையா தெரியாது. ரயில் ஊதியது. லைன் போய்விட்டது.

திரும்ப அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். இறங்கினாளா? வண்டி அவளையும் கொண்டு போய்விட்டதா? இல்லை, நகர்கிற வண்டியிலிருந்து யாராவது இழுத்து... சாமி! அதுவரை ரயிலைப் பார்த்துப் பயந்தேன், அதில் இருக்கிற மனிதர்களைப் பார்த்துப் பயந்தேன். என் பிள்ளை அதற்கெல்லாம் பயப்படவில்லை. அவள் பயந்தது என்னை நினைத்து. ஹெல்மெட்டுக்குள் அழுதுகொண்டே ஓட்டினேன். மூச்சு கண்ணாடியில் படிந்து ரோடு சரியாகத் தெரியவில்லை.

ராயக்கோட்டை ஸ்டேஷனில் வண்டி இல்லை. பிளாட்பாரமும் காலி. “சார்! சார்!” என்று கத்திக்கொண்டே ஆபீஸ் பக்கம் ஓடினேன்.

வாசலுக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் துணிப்பை. பைக்கு மேல் கை.

நான் பார்த்த எல்லாப் படத்திலும் இந்த இடத்தில் பிள்ளை ஓடி வரும். அப்பா என்று கத்திக்கொண்டு வந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும். என் மகளும் என்னைப் பார்த்ததும் பாதி எழுந்தாள். சட்டென்று நினைவு வந்தவள்போலத் திரும்ப உட்கார்ந்துகொண்டாள். பையை மடிக்கு இழுத்து, காலியான இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள்.

“ரயில்ல அவங்கதான் எந்திரிக்க வெச்சுட்டாங்கப்பா. இங்க நான் எந்திரிக்கவே இல்ல” என்றாள்.