பங்களா பார்வதியும் என் மதினியும்

இன்று சிவகாசி பஸ்ஸில் என் மதினி போனில் 'பங்களா பார்வதி' என்ற பழைய காமெடி சீரியலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். ஓட்டு வீட்டில் இருந்துகொண்டு பங்களா என்று பீற்றிக்கொள்வாளே, அந்தப் பார்வதி.

பக்கத்து சீட் அக்கா என்னைக் காட்டி, "இவுக யாரு?" என்றார்.

"எங்க நாத்தனா. பட்டாசுக் கம்பெனில மேனேஜரு."

நான் அங்கே பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறேன்.

அந்த அக்கா சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம் மகளுக்கு ஒரு வேல போட்டுக் குடுங்கம்மா."

உண்மையைச் சொன்னேன். கையை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குக் கூசிப்போனது.

"சும்மா இருந்திருக்கலாம்ல" என்று மதினி என்னைத்தான் முறைத்தாள். பிறகு போனைப் பார்த்து, "இப்பிடியும் ஒரு பொம்பள இருப்பாளா" என்று சிரித்தாள்.

இத்தனை வருஷமாக ஊரே பார்வதியை ரசிக்கிறது. அந்தப் பார்வதி தான்தான் என்று கண்டுகொண்ட ஒருவரையாவது உங்களுக்குத் தெரியுமா?