வலது ஓரத்து விண்டோ

தொண்ணூறுகளின் நடுவில், மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தேன். தொழிற்சாலைகளுக்காக ஒரு கருவி செய்துகொண்டிருந்தோம். ஸ்டோருக்கு வந்த சரக்கு, போன சரக்கு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு திரை வேண்டுமல்லவா? அந்தத் திரையை வாடிக்கையாளரே கட்டிக்கொள்ளலாம். தகவல் நிரப்பும் பெட்டிகளை மவுஸால் இழுத்து வைத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் அகலம், எழுத்தின் அளவு, நிறம், அதில் எந்தத் தகவல் வரவேண்டும் என்பதையெல்லாம் சொல்லவேண்டும். இவற்றுக்குத்தான் பிராபர்ட்டி என்று பெயர். அவற்றை மாற்றும் பகுதி என் பொறுப்பு.

பெட்டியை இரண்டு தரம் தட்டினால் திரையின் நடுவில் ஒரு விண்டோ திறக்கும்படி செய்திருந்தேன். மாற்றிவிட்டு ஓகே கொடுத்தால் மாறும். கேன்சல் கொடுத்தால் பழையபடியே இருக்கும். கம்ப்யூட்டரைப் புதிதாகத் தொடுகிறவர்கள் தெரியாமல் எதையும் கெடுத்துவிடக் கூடாதே என்று யோசித்து யோசித்துச் செய்தது. முதலாளி அதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அதையே பாராட்டாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அவள் வேலைக்கு வந்து சேர்ந்தாள். தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், என்னைவிடச் சின்னவள். தமிழ் பேச ஆள் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். அவளுக்குக் கொடுத்த வேலை பிரிண்டர் சம்பந்தப்பட்டது. ஒருநாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, சும்மா ஒண்ணு செஞ்சு பாத்தனுங்க. வந்து பாருங்களே."

திரையின் வலது ஓரத்தில் ஒடுக்கமாக ஒரு விண்டோ நின்றது. இடப்பக்கம் பிராபர்ட்டியின் பெயர், வலப்பக்கம் அதன் மதிப்பு. எந்தப் பெட்டியைத் தொட்டாலும் அதன் விவரம் அங்கே வந்தது. எண்ணை மாற்றிய உடனே பெட்டியும் மாறியது. ஓகேயும் இல்லை, கேன்சலும் இல்லை. பல பெட்டிகளைச் சேர்த்துப் பிடித்தால் எல்லாவற்றுக்கும் பொதுவானதை மட்டும் காட்டியது.

"ரெண்டு பெட்டிக்கு அகலம் வேற வேறயா இருந்தா எதைக் காட்டுவே?" என்று கேட்டேன். மாட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"அந்தக் கட்டத்தை மட்டும் வெறுமனே விட்டுட்டனுங்க. அதுல எழுதினா எல்லாத்துக்கும் மாறும். எழுதாட்டி அதது அதும்பாட்டுக்கு இருக்கும்."

எனக்கு வயிறு எரிந்தது. ஒரு வெறும் கட்டம்! எத்தனை மாதம் உட்கார்ந்தும் எனக்கு அது தோன்றவில்லை. அதற்குள் முதலாளி பின்னால் வந்து நின்றிருந்தார். "தும்பா சென்னாகிதெ!" என்றார். ரொம்ப நன்றாக இருக்கிறது என்ற அந்தச் சொல்லை என் வேலைக்கு அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அன்று சாயங்காலம் அவள் நீட்டிய வேர்க்கடலையைக்கூட வேண்டாம் என்றேன்.

நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலைக்கு இருவரும் அதைக் காட்டப் போனோம். ஸ்டோர் கீப்பர் ஆர்வமாக மவுஸைப் பிடித்தார். எல்லாப் பெட்டிகளும் பிடிபட்டிருப்பதைக் கவனிக்காமல், ஒன்றின் அகலத்தை மாற்றுவதாக நினைத்து அந்த வெறும் கட்டத்தில் ஒரு பெரிய எண்ணைத் தட்டினார். அத்தனை பெட்டிகளும் நீண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறின.

"ஐயோ, ஈக ஏனு மாடோது?" என்று அவளைப் பார்த்தார். இப்போது என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியவில்லை. முகம் சிவந்துவிட்டது. என் மனசு குளிர்ந்ததை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கடைசியில் சேமித்து வைத்திருந்த பழைய திரையைத் திறந்து சமாளித்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள்தான் பேச்செடுத்தாள். "அக்கா, உங்களுதுல கேன்சல் இருக்குது. எனக்கு அது தோணவே இல்லீங்க. இதுல எப்படி வெக்கிறது?"

"ஒவ்வொரு மாத்தத்துக்கும் முன்னாடி பழசை எடுத்து வெச்சுக்கணும். கேட்டா திருப்பிக் குடுக்கணும். அஷ்டே, அவ்வளவுதான்," என்றேன், முகம் கொடுக்காமல்.

"நீங்களே செஞ்சு குடுங்களேன். கெட்டுப்போயிடுமோங்கற அந்தப் பயம் என்னைவிட உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்."

அது பாராட்டா, குத்தலா என்று புரியவில்லை. ஆனாலும் செய்துகொடுத்தேன். முதலாளி பார்த்துவிட்டு அவளைத்தான் பாராட்டினார். "இல்ல சார், இது அக்கா செஞ்சது," என்றாள் உடனே. நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் சொல்லிவிட்டாள். பெருந்தன்மையும் அவளுடையதாகிவிட்டது. அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

என் விண்டோவைக் கருவியிலிருந்து நானே அழித்தேன். அவளுடையது வாடிக்கையாளர்களிடம் போயிற்று. கொஞ்ச காலத்தில் அவளுக்குப் பெங்களூரில் பெரிய வேலை கிடைத்தது, போய்விட்டாள். அவள் எழுதியதைப் பராமரிக்கும் வேலை என்னிடம் வந்தது. எங்காவது பிழை இருக்கும் என்று வரி வரியாகத் தேடினேன். பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. வாடிக்கையாளர் யாராவது புதிதாக ஒரு பிராபர்ட்டி கேட்பார்கள். அந்த விண்டோவில் இன்னொரு வரி சேர்த்தால் போதும், காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். அவ்வளவு சுலபமாக முடிவதுதான் எனக்கு ஒவ்வொரு தடவையும் எரிச்சலாக இருந்தது.