கீழ்க்கணக்குப் பீலியும் எங்கள் கந்தோரும்

தண்ணீர் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் தொழில். ஆனால் தண்ணீர் கெடவில்லை என்று எழுதிக் கொடுப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். எண்பதுகளின் நடுவில் நுவரெலியாவில் இருந்த ஒரு மாசுக் கட்டுப்பாட்டுக் கந்தோரில் கள உதவியாளனாகச் சேர்ந்தேன். ஆற்றில் தண்ணீர் பிடிப்பது, போத்தலில் பெயர் ஒட்டுவது, தோட்டங்களுக்குப் போகும்போது அதிகாரி சொல்வதைத் தமிழில் சொல்வது, எல்லாம் என் வேலை. அதிகாரியை நாங்கள் லொக்கு மாத்தயா என்போம். சிங்களத்தில் பெரிய ஐயா என்று பொருள். நீங்களும் ஒரு அரசாங்கக் கந்தோரில் உட்கார்ந்தவராகவோ, அதன் வாசலில் கால் கடுக்க நின்றவராகவோ இருந்தால் நான் சொல்லப்போகும் எதுவும் உங்களுக்குப் புதிதாக இருக்காது. என்னோடு சேர்ந்து தலையில் அடித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

எங்கள் குழாய்

கந்தோர் ஒரு மரக்கறிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. பின்பக்கம் ஒரு ஓடை. கடைக்காரர் ராகலைக்காரர். ராகலையிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் கரட்டையும் லீக்சையும் அந்த ஓடையில் கழுவித்தான் லொறியில் ஏற்றுவார். நான் சேர்ந்த முதல் மாதமே லொக்கு மாத்தயா ஜன்னல் வழியாக இதைக் கண்டுபிடித்துவிட்டார். ஓடையை மாசுபடுத்துவதாக ஒரு எச்சரிக்கைக் கடிதம் தயாரானது. கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வருவது என் பொறுப்பு.

ராகலைக்காரர் கடிதத்தை நிதானமாகப் படித்தார். பிறகு என் தோளைப் பிடித்துத் திருப்பி, எங்கள் கந்தோர் கக்கூசிலிருந்து சுவரோடு இறங்கி, நேராக ஓடையில் போய் விழும் குழாயைக் காட்டினார். நான் அதுவரை அதைப் பார்த்ததே இல்லை. "தம்பி, நான் ஆத்துல விடுறது மண்ணு. ஒங்க ஆபீசு விடுறது என்னான்னு மேல போயிக் கேட்டுட்டு வாங்க, அப்புறமா கையெழுத்துப் போடுறேன்."

செத்த மாட்டை எந்தக் கணக்கில் வைப்பது

தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். அங்கிருந்து தமிழில் ஒரு கடிதம் வந்தது. எழுதச் சொன்னவர் பார்வதி என்ற கொழுந்தெடுக்கும் பெண். எழுதிக் கொடுத்தவர் தொழிற்சங்கத் தலைவர் கருப்பையா. கீழ்க்கணக்கு லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் விழும் பீலியில் மருந்து வாடை அடிக்கிறது, குடித்த மாடு செத்துவிட்டது, பிள்ளைகள் வாந்தி எடுக்கிறார்கள் என்று இருந்தது. நான் ஓடிப்போய் லொக்கு மாத்தயாவுக்குச் சிங்களத்தில் படித்துக் காட்டினேன். அவர் நன்றாகக் கேட்டார். கேட்டுவிட்டு, கொழும்பிலிருந்து முறைப்படி மொழிபெயர்ப்பு வரும்வரை இந்தக் கடிதம் நமக்குக் கிடைத்ததாக ஆகாது என்றார். எனக்குத் தமிழும் தெரியும், சிங்களமும் தெரியும். ஆனால் எனக்குத் தெரிவது அரசாங்கத்துக்குத் தெரிந்ததாகாது.

மூன்று மாதம் கழித்து மொழிபெயர்ப்பு வந்தது. தோட்டத்தில் கணக்கு என்றால் ஒரு பிரிவு என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். கொழும்பில் இருந்த புண்ணியவானுக்குத் தெரியவில்லை. அவர் அதை வரவு செலவுக் கணக்காக்கிவிட்டார். கடிதம் நேரே கணக்குப் பிரிவுக்குப் போய் அங்கே இன்னும் மூன்று வாரம் கிடந்தது. கடைசியில் அங்கிருந்த கிளார்க் மனமிரங்கி என் மேசைக்கு வந்தார். கந்தோரில் சிங்களவர் எல்லாருக்கும் நான் மல்லி, அதாவது தம்பி. "கீழ்க் கணக்கு, மேல் கணக்கு எல்லாம் தேடிப் பார்த்துட்டேன் மல்லி. இந்தச் செத்த மாட்டை நான் எந்தக் கணக்குல வைக்கிறது?"

சுண்ணாம்பு அடித்த பீலி

ஒருவழியாகப் பரிசோதனைக்குப் போவதென்று முடிவானது. அந்தக் காலத்தில் தோட்டங்கள் அரசாங்கத்தின் கையில் இருந்தன. அரசாங்கம் அரசாங்கத்தைப் பிடிக்கப் போவதென்றால் மரியாதை வேண்டாமா? எந்த நாள், எத்தனை மணிக்கு, எத்தனை பேர் என்று பத்து நாளுக்கு முன்பே தோட்ட நிர்வாகியான பெரிய துரைக்குக் கடிதம் போனது.

நாங்கள் போனபோது பீலியைச் சுற்றிப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. இரண்டு பக்கமும் பூச்சட்டி. தண்ணீர் பளிங்கு மாதிரி விழுந்தது. லொக்கு மாத்தயா கையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் பார்த்தார், என்னை ஒரு போத்தலில் பிடிக்கச் சொன்னார், பிறகு பங்களாவுக்குச் சாப்பிடப் போய்விட்டார். நான் பீலியடியில் தனியாக நின்றேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் குடத்தை இடுப்பில் வைத்தபடி வந்தார். பார்வதி அவர்தான். எங்கள் ஜீப்பையும் பூச்சட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஐயா, நாளைக்கும் வருவீங்களா? நீங்க வார அன்னைக்கு மட்டுந்தாங்க தண்ணி நல்லாயிருக்கு."

இனிப்பு

பிடித்த தண்ணீரின் கதை இன்னும் கேவலம். சோதனைச்சாலைப் போத்தல்கள் தீர்ந்துபோய் மாதக்கணக்காகியிருந்தது. தோடம்பழச் சர்பத் போத்தல் ஒன்றைத்தான் பியூன் ஒரு முறை அலசிக் கொடுத்திருந்தார். அதில் பிடித்த தண்ணீர் ரயிலில் கொழும்புக்குப் போனது. முடிவு வந்தது: தண்ணீரில் இனிப்புப் பொருள் கலந்திருக்கிறது, வேறு குறை எதுவும் குறிப்பிடும்படியாக இல்லை. லொக்கு மாத்தயாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இனிப்பு எங்கிருந்து வருகிறது என்று விளக்கம் கேட்டுப் பெரிய துரைக்கு ஒரு கடிதம் எழுதினார். தோட்டத்தில் சீனி பயிரிடப்படவில்லை என்று பெரிய துரையும் பணிவாகப் பதில் எழுதினார். கோப்பு மூடப்பட்டது.

முடிவைத் தோட்டத்தில் அறிவிக்க என்னை அனுப்பினார்கள். தலைவர் கருப்பையா அண்ணன் அறுபதை நெருங்கியவர். நான் படித்து முடித்ததும் அவர் கேட்டார்: "பஞ்சத்துல சீனியில்லாம, சோறில்லாம, வெறும் சாயத்தண்ணியக் குடிச்சுக்கிட்டு எத்தன பேரப் பொதைச்சோம். அப்ப இந்தச் சக்கர ஆறு எங்கங்க ஓடிச்சு?"

நான் செய்த மொழிபெயர்ப்பு

அடுத்து, மக்களுக்கு அறிவூட்டுவதென்று மேலிடத்திலிருந்து உத்தரவு. அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். லொக்கு மாத்தயா சிங்களத்தில் பேசினார், நான் தமிழில் சொன்னேன். ஆறு கெடுவதற்குக் காரணம் லயத்து மக்களின் பழக்கவழக்கம், எல்லாரும் கக்கூஸ் பாவிக்கப் பழக வேண்டும் என்பது பேச்சின் சாரம். பார்வதியக்கா எழுந்தார். "எங்க லயத்துல இருபது வீட்டுக்கு ரெண்டு கக்கூசு, அதுல ஒன்னு இடிஞ்சு கெடக்கு. ஐயாவ முதல்ல அதக் கட்டச் சொல்லுங்க, பாவிக்கிறது எப்புடின்னு எங்களுக்குத் தெரியும். மருந்துத் தண்ணிய யாரு விடுறான்னும் கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

லொக்கு மாத்தயா என்னைத் திரும்பிப் பார்த்தார். எண்பத்து மூன்று கலவரம் முடிந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. தமிழன் ஒருவன் மேலதிகாரி முன்னால் வாயைத் திறக்க இரண்டு முறை யோசிக்கும் காலம். அது உண்மை. ஆனால் நான் ஒரு முறைகூட யோசிக்கவில்லை என்பதும் உண்மை. "உங்கள் பேச்சுக்கு நன்றி சொல்கிறார், சார்" என்றேன். அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். பார்வதியக்காவுக்குச் சிங்களம் தெரியாது. பதில் வருமென்று நின்றுகொண்டே இருந்தார். ஜீப் ஓட்டும் பியதாச தலவாக்கலைக் கடைவீதியில் வளர்ந்தவர். திரும்பி வரும்போது, லொக்கு மாத்தயா பின் சீட்டில் தூங்கிய பிறகு, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் தமிழில் சொன்னார்: "மல்லி, அந்த அக்கா சொன்னது எனக்கு வெளங்கிச்சு. நீ சொன்னதும் வெளங்கிச்சு."

ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

நான் கொட்டகலைக்காரன், என் அம்மாவும் கொழுந்து எடுத்தவர்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, நல்ல போத்தல் மூன்றைக் கொதிநீரில் போட்டெடுத்துப் பையில் வைத்துக்கொண்டு தலவாக்கலைக்குப் பஸ் ஏறினேன். பார்வதியக்கா என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய பேத்தி, நான்கு வயது லெச்சுமி, வாந்தியில் சுருண்டு நுவரெலியா ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று கருப்பையா அண்ணன்தான் சொன்னார். பார்வதியக்காவிடம் நான் கூட்டத்தில் செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் வழிகாட்டி முன்னால் நடந்தார். ஓடையோடு மேற்கணக்குக்கு ஏறினோம். வளைவில் ஒரு தகரக் கொட்டகை. புல்லுக்கு அடிக்கும் மருந்தை அங்கேதான் கலக்குகிறார்கள், பீப்பாக்களை ஓடையிலேயே கழுவுகிறார்கள். நாங்கள் வந்த அன்று மட்டும் எல்லாவற்றையும் ஸ்டோருக்குப் பின்னால் கொண்டுபோய் மறைத்திருக்கிறார்கள். மூன்று போத்தலிலும் பிடித்து, கந்தோர்ப் பெயரிலேயே கொழும்புக்கு அனுப்பினேன்.

இந்த முறை முடிவில் இனிப்பு இல்லை. களைநாசினி கலந்திருக்கிறது, குடிக்கத் தகாதது என்று தெளிவாக எழுதியிருந்தது. லொக்கு மாத்தயா அதை இரண்டு முறை படித்தார். உத்தரவில்லாமல் போனதற்கு ஏன் என் மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டு அன்றே ஒரு கடிதம் கொடுத்தார். முடிவை மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினார். அந்தத் தண்ணீரைப் பிள்ளைகள் இப்போதும் குடிக்கிறார்கள் சார் என்றேன். அவர் கோபப்படக்கூட இல்லை. "மல்லி, ஞாயிற்றுக்கிழமை எடுத்த தண்ணி அரசாங்கத் தண்ணி இல்ல."

பெரட்டுக் களத்தில்

லாச்சியில் இருந்தது காகிதம்தான். அதில் எழுதியிருந்தது என் தலைக்குள் இருந்தது. அதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, கையெழுத்தும் போட்டு, அடுத்த பஸ்ஸில் கொண்டுபோய்ப் பார்வதியக்கா கையில் கொடுத்தேன். வேலை போனால் போகட்டும் என்ற வீரமெல்லாம் இல்லை.

பிறகு நடந்ததைக் கருப்பையா அண்ணன் சொல்லித்தான் கேட்டேன். மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டபோது பெண்கள் ஒருவரும் கூடையைத் தூக்கவில்லை. கங்காணி கத்தினார், கணக்கப்பிள்ளை கெஞ்சினார், கடைசியில் பெரிய துரையே வந்தார். பார்வதியக்கா பீலியில் பிடித்த தண்ணீரை ஒரு பித்தளைச் செம்பில் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். துரை வாங்கிவிட்டார். வாங்கிய பிறகுதான் எதற்கென்று புரிந்தது போலிருக்கிறது. செம்புக்குள் பார்த்தார். சுற்றி நின்ற இருநூறு பேரையும் பார்த்தார். உதட்டுக்குக் கொண்டுபோகவே இல்லை. பார்வதியக்கா குரலை உயர்த்தாமல் சொன்னாராம்: "நீங்க குடிச்சா நாங்க மலைக்குப் போறோம் தொர. நீங்க குடிக்கலன்னா அந்தக் கொட்டக போகட்டுங்க."

ஆண்டறிக்கை

ஒரு வாரத்துக்குள் கொட்டகை ஓடைக்கு அந்தப் பக்கம், லயத்துக்கு மிகக் கீழே போய்விட்டது. வேறொரு ஊற்றிலிருந்து குழாய் போட்டுப் பீலிக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். லெச்சுமி எலும்பும் தோலுமாக வீடு திரும்பினாள். திரும்பினாள் என்பதே எனக்குப் போதும். என் மேலிருந்த நடவடிக்கை ஒரு எச்சரிக்கையோடு முடிந்தது. லொக்கு மாத்தயாவுக்குக் கொழும்பில் பெரிய நாற்காலி கிடைத்தது. போகும் முன் அவர் எழுதிய ஆண்டறிக்கையில் அந்தத் தோட்டத்துக்கு ஒரு பத்தி முழுதாக ஒதுக்கியிருந்தார். எங்கள் அதிகாரிகள் உடனடியாகத் தலையிட்டு, இடைவிடாத பரிசோதனைகள் நடத்தி, மக்களுக்கு அறிவூட்டி, நீர்நிலையை மீட்டார்களாம்.

அதைத் தமிழாக்கும் வேலையும் எனக்கே வந்தது. ஆக்கினேன். ஒரு மாலை தோட்டத்துக்குப் போய்ப் பார்வதியக்காவுக்குப் படித்தும் காட்டினேன். இந்த முறை ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. அவர் கொழுந்துக் கூடைக் கயிற்றை முடிந்துகொண்டே கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். "பாவம், ரொம்ப மெனக்கெட்டிருக்காங்க தம்பி. யாரு இவுங்க, நான் ஒருநாளும் பார்த்ததில்லியே?"

எங்களிடம் சட்டம் இருந்தது, முத்திரை இருந்தது, ஜீப்பும் இருந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்தே ஆக வேண்டிய கட்டாயம் மட்டும் எங்களில் ஒருவருக்கும் இருந்ததில்லை.