கடிக்காத வெள்ளை

என் மகள் முதலாம் வகுப்புக்குப் போன முதல் நாளே, இடைவேளைக்கு முன்னர் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது.

"அம்மா, ஒருக்கா வந்திட்டுப் போங்கோ. பிள்ளை சட்டையைக் கழட்டிப்போட்டா. திருப்பிப் போடமாட்டன் எண்டு நிக்கிறா" என்றார் வகுப்பு ரீச்சர்.

அடுப்பை நிறுத்திவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். எங்கள் வீடு அன்புவழிபுரத்தில். பள்ளிக்கூடம் பத்து நிமிடத் தூரம். வகுப்பறையில் மகள் அலுமாரிக்கும் யன்னலுக்கும் நடுவே உள்சட்டையோடு குந்தியிருந்தாள். வெள்ளைச் சட்டை எட்டத்தில் கிடந்தது. அவளுடைய கழுத்தைச் சுற்றியும் இடுப்பைச் சுற்றியும் சிவந்த கோடுகள். அழுகை முடிந்து விக்கல் மட்டும் மிச்சம் இருந்தது.

"கடிக்குது அம்மா" என்றாள்.

காலையிலும் அதையேதான் சொன்னவள். அந்தச் சட்டையைத் தைத்தது நான். எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடத்தில் தந்த சீருடைத் துணி. இரண்டு நாள் இருந்து மடிப்புகளை அளந்து தைத்து, ஸ்திரிக்கைப் பெட்டியால் கத்தி போல மினுக்கி வைத்திருந்தேன். அவள் போடமாட்டேன் என்று திமிறியபோது முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்து, முதுகுப் பக்கத்துத் தெறிகளைத் துளைகளில் மாட்டிப் பூட்டிவிட்டேன். பிள்ளை நேரத்துக்குப் போகவேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் அப்போது என் தலையில் இல்லை.

புது உடுப்பு என்றால் அவள் குழந்தையாக இருந்தபோதே அப்படித்தான். நத்தார்ப் பூசைக்கு எடுத்த வலைச்சட்டை எதுவும் மாதா கோயில் வாசல் வரை போனதில்லை. வீட்டில் பழைய சட்டை ஒன்றோடு திரிவாள். பிடிவாதம் என்றுதான் நானும் கணவரும் நினைத்திருந்தோம். அந்தச் சிவந்த கோடுகளைப் பார்த்த பிறகு என்னால் அப்படி நினைக்க முடியவில்லை.

பள்ளிக்கூட அதிபர் தன் அறைக்கு என்னைக் கூப்பிட்டார். கெட்டவர் அல்ல அவர். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார்.

"மற்றப் பிள்ளைகளும் இந்தத் துணியைத்தானே போடுகினம்" என்றார். "இவவுக்கு ஏலாதெண்டா, ஒரு வருசம் வீட்டில வச்சிருங்கோ. அடுத்த வருசம் பாப்பம்."

"கொஞ்ச நாளைக்கு வேற உடுப்போட வரவிடேலாதோ, மேடம்?"

"ஒராளுக்கு விட்டா நாளைக்குப் பத்துப்பேர் வந்து நிப்பினம்."

அவருடைய நியாயம் எனக்கு விளங்கியது. ஆனால் ஒரு வருடம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. என் மகளுக்கு எழுத்துகள் தெரியும். கதைப் புத்தகத்தை மடியில் வைத்து எழுத்துக்கூட்டி வாசிப்பாள். ஒரு சட்டைக்காக அவள் வீட்டில் இருக்கக்கூடாது.

"எனக்கு ஒரு கிழமை தாங்கோ. வாற திங்கள் இதே வெள்ளைச் சீருடையோட வருவா" என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

கணவருக்குத் துறைமுகத்தில், கப்பல்களை இழுத்து வரும் படகில் கயிறு பிடிக்கிற வேலை. பின்னேரம் வந்து கதையைக் கேட்டுவிட்டு, "கொஞ்ச நாளில பழகீரும்" என்றார்.

"ஆறு வருசமாப் பழகேல்லையே."

அவர் கால் கழுவக் கிணற்றடிக்குப் போனார்.

அடுத்த நாள் காலை வீட்டிலிருந்த துணி அத்தனையையும் பாயில் கொட்டினேன். என் சேலைகள், கணவரின் சாரங்கள், துவாய்கள், தலையணை உறைகள், மகளுக்குப் பரிசாக வந்து போடாமல் கிடந்த சட்டைகள். அவளை நடுவில் இருத்தினேன்.

"கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொண்டாத் தொட்டுப் பார். கடிக்கிறதெல்லாம் அந்தப் பக்கம். கடிக்காதது உன்ர மடியில."

அவளுக்கு அது விளையாட்டு. கையால் தொட்டாள், பிறகு கன்னத்தில் வைத்தாள். வலைச்சட்டைகளைத் தொட்ட உடனேயே தள்ளினாள். பொலியெஸ்ரர் சேலை போனது. பருத்தி என்பதால் கடிக்காது என்று நம்பி நான் எடுத்து வைத்திருந்த புதுத் துவாயும் போனது. அங்கே நான் கொஞ்சம் தடுமாறினேன். பருத்தி கடிக்காது, மற்றது கடிக்கும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன், அது பிழையாகிப்போனது. அவளுடைய மடியில் கடைசியில் இருந்தவை நான்கு: தகப்பனின் வெளிறிய சாரம், ஒரு தலையணை உறை, கிழிந்துபோன என் வொயில் சேலைத் துண்டு, அவள் கைக்குழந்தையாக இருந்தபோது சுற்றிய வெள்ளைத் துணி.

நான்கையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எல்லாமே பருத்தி, எல்லாமே பலமுறை தோய்த்தவை, ஒன்றிலும் கஞ்சி இல்லை. பிறகு அவள் தள்ளிய பரிசுச் சட்டை ஒன்றை உட்புறம் புரட்டினேன். துணி மெதுதான். ஆனால் தையல் ஓரங்கள் கயிறு போலத் தடித்து, அறுத்த இழைகள் குத்திக்கொண்டு நின்றன. என் விரலுக்கே தெரிந்தது. இத்தனை வருடம் தைத்திருக்கிறேன். ஒரு சட்டையையேனும் உட்பக்கமாக யோசித்துத் தைத்ததில்லை.

அன்றைக்கே மகளைக் கூட்டிக்கொண்டு பட்டணத்துக்குப் போனேன். நான் வழக்கமாகத் துணி எடுக்கும் புடவைக்கடை முதலாளி குறிஞ்சாக்கேணி முஸ்லிம் ஆள். அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் ஒளிக்காமல் சொன்னேன்.

"நானா, இவ கன்னத்தில வச்சுப் பாத்துத்தான் எடுக்கோணும். ஊத்தையாக்க மாட்டா."

அவர் மகளை ஒருதரம் பார்த்தார். "அதுக்கென்ன தங்கச்சி. புள்ளைர கையைத் துடைச்சு விடுங்க" என்று சொல்லி, வெள்ளை ரோல்களை ஒவ்வொன்றாக மேசையில் இறக்கினார். பொப்லின் வேண்டாம். ட்ரில்லைக் கிட்டவே எடுக்க விடவில்லை. லினன் சாக்குப் போல இருக்கிறதாம். வொயில் ஒன்றில் கொஞ்ச நேரம் கன்னத்தை வைத்திருந்தாள். அது கஞ்சி போட்ட துணி, கடைசியில் அதற்கும் தலையை ஆட்டினாள். நான் களைத்துப்போய்க் கதிரையில் இருந்துவிட்டேன்.

அந்த நேரத்தில் அவள் மேசையின் கீழால் குனிந்து, பின்தட்டில் தனியாக வைத்திருந்த ஒரு கட்டில் முகத்தைப் புதைத்தாள்.

"அம்மா, இது கடிக்கேல்ல."

நல்ல வெள்ளை. கஞ்சி இல்லாத மெல்லிய பருத்தி. எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தேன். வீட்டு அலுமாரியில் இருந்த அந்தக் குழந்தைத் துணியின் மென்மை அப்படியே.

"இதில மூண்டு மீற்றர் வெட்டுங்கோ நானா."

அவர் கத்தரிக்கோலை எடுக்கவில்லை. "தங்கச்சி, அது கபன் துணி. மையத்தைச் சுத்தி அடக்கிறதுக்கு எடுக்கிறது" என்று மெதுவாகச் சொன்னார்.

என் கை துணியிலிருந்து தானாக விலகியது. மகள் இன்னும் முகத்தை அதிலேயே வைத்திருந்தாள். அவளுடைய கழுத்துக் கோடுகள் ஆறத் தொடங்கியிருந்தன. அதைப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"நான் இதில பிள்ளைக்குத் தைச்சா உங்கட ஆக்களுக்குக் குறையா இருக்குமோ?"

"எங்களுக்கு என்ன குறை. மில்லில இருந்து வரக்குள்ள அது வெறும் வெள்ளைத் துணிதானே. உங்கட மனசுக்குச் சரியா எண்டு பாருங்க."

"வெட்டுங்கோ. நாலு மீற்றராகவே வெட்டுங்கோ" என்றேன்.

கணவரிடம் மறைக்கக்கூடாது என்று வழியிலேயே முடிவெடுத்திருந்தேன். சாப்பிட்டு முடிந்ததும் துணியை முன்னால் வைத்துச் சொன்னேன். அவருடைய முகம் இறுகியது.

"உமக்கு வேற துணியே கிடைக்கேல்லையோ? செத்த ஆளுக்குச் சுத்துறதை உயிரோட இருக்கிற பிள்ளைக்கோ?"

"கடையில இருந்த வெள்ளை எல்லாத்தையும் தொட்டுப் பாத்தவ. இதைத்தான் எடுத்தவ."

"சனம் கேட்டா?"

"சனம் துணியைத் தடவிப் பாக்கவோ போகுது? எனக்குப் பிள்ளை பள்ளிக்கூடத்தில இருக்கோணும். நான் தைக்கத்தான் போறன்."

அவர் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். 

என் திட்டம் இதுதான். அந்தத் துணி தனியே போட முடியாத மெல்லிசு. ஆகவே முதலில் தைத்த சட்டையைப் பிரித்து, வெளியில் பள்ளிக்கூடம் தந்த அந்தத் துணி, உள்ளே இது. பார்க்கிறவர்களுக்கு மற்றப் பிள்ளைகளின் சட்டை, அவளுடைய தோலுக்கு இது. கழுத்திலும் கையோரத்திலும் உள்துணியை வெளிப்பக்கம் மடித்து, வெளித்துணியின் முனை எங்கும் தொடாமல் மூடிவிடுவது. நாட்கள் குறைவு என்ற அவசரத்தில் வாங்கிய துணியை அப்படியே விரித்து வெட்டினேன்.

மெல்லிய துணி கத்தரிக்கோலுக்கு முன்னால் நழுவி ஓடியது. மெசினில் இருந்த தடித்த ஊசி இழைகளை இழுத்துச் சுருக்கியது. அதற்கு மிக மெல்லிய ஊசி மாட்டினேன். புதன்கிழமை பின்னேரம் சட்டை முடிந்தது. ஒருதரம் தோய்த்துக் காயப்போட்டேன். காய்ந்ததும் கொடியில் கண்டதை நம்ப முடியவில்லை. உள்துணி சுருங்கிவிட்டது, வெளித்துணி சுருங்கவில்லை. சட்டை முழுவதும் சுருக்கு விழுந்து, பை போல ஊதிக்கொண்டு நின்றது.

குசினி வாசற்படியில் குந்தியிருந்து ஒரு மூச்சு அழுதேன். பிறகு கத்தரிக்கோலின் முனையால் தையல்களைப் பிரிக்கத் தொடங்கினேன். கணவர் வேலை முடிந்து வந்தபோதும் பிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

"என்ன நடந்தது?"

"தோய்க்காமல் வெட்டிப்போட்டன். மிச்சத் துணி இருக்கு. திரும்பத் தைப்பன்."

மிச்சத் துணியை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். அவருடைய உள்ளங்கையின் காய்ப்பு அதில் சரசரவென்று உரசியது.

"எத்தினை தரம் தோய்க்கோணும்?"

"சுருங்கி முடியும் வரைக்கும்."

சேர்ட்டைக் கழற்றிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். அடுத்த நாள் அவருக்கு விடுமுறை. காலை முதல் அவர் ஊறவைப்பதும் அலசுவதும் பிழிவதும், நான் காயப்போட்டு அளவு நாடாவால் அளப்பதுமாக இருந்தோம். ஒவ்வொரு முறையும் நீளம் கொஞ்சம் குறைந்தது. ஐந்தாம் முறைக்குப் பிறகு அது மாறவில்லை. அந்த வெயிலில் ஒவ்வொரு தோய்ப்பும் காயச் சிறிது நேரமே போதுமாக இருந்தது. 

இரண்டாம் முறை நிதானமாக வெட்டினேன். ஓரத்திலிருந்து ஓர் இழையை முழு நீளத்துக்கும் உருவி, அது விட்டுப்போன கோட்டின்மேல் கத்தரித்தேன். அப்போது துணி கோணவில்லை. தையல் ஓரங்களை உள்ளே விடாமல் வெளிப்புறமாகத் திருப்பி, மடித்து, தட்டையாகத் தைத்தேன். அவளே பூட்டிக்கொள்ளட்டும் என்று முதுகுத் தெறிகளை முன்பக்கம் மாற்றினேன்.

சனிக்கிழமை அவளிடம் சட்டையை நீட்டினேன். போட்டுவிடவில்லை. அவளே தலையை நுழைத்தாள். இரண்டு மூச்சு நின்றாள்.

"கழுத்தில ஒண்டு இருக்கு."

பார்த்தேன். நூல் முடிச்சு, கடுகின் பாதியளவு. வெட்டியெடுத்து, முனையை இரண்டு துணிக்கும் இடையில் செருகினேன். மீண்டும் போட்டாள். குந்தினாள், எழும்பினாள், கதிரையில் சாய்ந்து பார்த்தாள். பிறகு கதைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு மணித்தியாலம் கழித்தும் சட்டை உடம்பில்தான் இருந்தது.

அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். "அண்டைக்கு அம்மா உன்னை இறுக்கிப் பிடிச்சுப் போட்டுவிட்டனான். அது பிழை" என்றேன்.

"ஓம். கையும் நொந்தது" என்றாள் புத்தகத்திலிருந்து தலையெடுக்காமல்.

திங்கட்கிழமை அதிபர் வாசலில் நின்றார். மகளின் தோள் தையலைக் குனிந்து பார்த்தார்.

"தையல் வெளியில தெரியுதே, அம்மா."

"ஓம் மேடம், தெரியுது. உள்ளுக்கு விடேலாது."

அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு பிள்ளையின் முகத்தை. "சரி, மணி அடிக்கப்போகுது. வகுப்புக்குப் போங்கோ பிள்ளை" என்றார்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. மதிலுக்கு வெளியே வேப்பமர நிழலில், கைத்தொலைபேசியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இடைவேளை மணி அடித்தது. யாரும் அழைக்கவில்லை. பிள்ளைகளின் சத்தம் எழும்பி அடங்கியது. அதன் பிறகும் அழைப்பு வரவில்லை. பள்ளிக்கூடம் விடும்வரை அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் அவளும் வந்தாள். சட்டையில் சோற்றுக் கறை, முழங்காலருகே மண். தெறிகள் எல்லாம் பூட்டியபடியே இருந்தன. ஆனால் சப்பாத்துக்குள் வெறுங்கால். காலுறை இரண்டையும் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள்.

"இதுவும் கடிக்குது" என்று என்னிடம் நீட்டினாள்.

வாங்கி உட்பக்கம் புரட்டினேன். விரல் நுனியில் தடித்த ஒரு தையல், குதியில் நைலோன் இழைகள்.

"நாளைக்குப் புரட்டிப் போட்டுக்கொண்டு போ. அதுக்குள்ள அம்மா வேற பாக்கிறன்" என்றேன். அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, வீட்டுப் பக்கம் திருப்பாமல் பட்டணத்துப் பக்கம் மிதித்தேன்.