லைட் போட்டால் வரும் வாடை

என் அக்கா வீட்டுக்காரரை எங்கள் தொழிலில் மூக்கர் என்றுதான் சொல்வார்கள். பழைய கார்களுக்கு எலக்ட்ரீஷியன். மூக்கு ஒன்றும் பெரிதில்லை, சப்பைதான். ஆனால் எந்த வண்டியில் ஒயர் சூடேறினாலும், கரண்டை அளக்கும் மீட்டரைத் தொடாமலே கண்டுபிடித்துவிடுவார். கண்ணாடிகளை ஏற்றி, எல்லா லைட்டையும் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உள்ளே உட்காருவார். இரண்டு நிமிடத்தில், "டேஷ்போர்டுக்குப் பின்னாடி, இடது பக்கம்" என்பார். பிரித்துப் பார்த்தால் அங்கேதான் ஒயர் உருகியிருக்கும். முப்பது வருடமாக இதே கதை. அதனால் வந்த தலைக்கனமும் கொஞ்சநஞ்சமில்லை. பக்கத்து ஷெட்டில் கதவு, பாடி என்று டிங்கரிங் பார்க்கும் எனக்கு அது எரிச்சலாகவே இருக்கும்.

அன்று மத்தியானம், எங்களிடம் வழக்கமாக வருகிற ரிட்டையரான வாத்தியார் ஒருவர் தன் பழைய காரைக் கொண்டுவந்தார். பின் சீட்டில் அவர் மனைவி. வாரம் இரண்டு தடவை ரத்தம் சுத்தம் செய்ய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், அன்றும் அங்கேதான் கிளம்பியிருந்தார். கைத்தாங்கல் இல்லாமல் எழுந்திருக்க முடியாது. லைட் போட்டால் கருகல் வாடை வருகிறது என்றார் வாத்தியார்.

மாமா வழக்கம்போல உள்ளே உட்கார்ந்தார். இரண்டு நிமிடம் ஐந்தானது, பத்தானது. இறங்கியபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"ஒண்ணுமில்ல சார். பழைய சீட்டு வாடை. தைரியமா போங்க."

"எனக்கு வருதேப்பா" என்றார் அந்த அம்மா.

"எல்லாம் மனப்பிரமைம்மா" என்று மாமா சிரித்தார். வண்டி கிளம்பிப் போனது.

நான் திரும்பினால், மாமாவின் மேஜையில் ஒயர் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் சூட்டோடு சாய்ந்து கிடந்தது. அதன்கீழ் கழிவுத் துணி குபுகுபுவென்று புகைந்தது. மாமா பக்கத்திலேயே முதுகைக் காட்டிக்கொண்டு சாவகாசமாகக் கை துடைத்துக்கொண்டிருந்தார். தெருவில் போகிறவனே மூக்கைப் பொத்துகிற நாற்றம். ஓடிப்போய்த் தண்ணீரை ஊற்றினேன்.

"மாமா, உங்களுக்கு வாடை தெரியுதா இல்லியா?"

மாமா கை துடைப்பதை நிறுத்தவில்லை.

"உங்களத்தான் கேக்குறேன்!"

"காய்ச்சல்ல படுத்தேனே, அதுலருந்து எதுவும் தெரியல மாப்ள. நாலு மாசமாச்சு. உங்க அக்காகிட்டகூட சொல்லல."

"அப்ப மீட்டர் வச்சுப் பாத்திருக்கலாமே!"

"வண்டிய விட்டுட்டுப் போறவங்களுக்கு அப்படித்தான் பாத்தேன். இவரு எதிர்லயே நிக்கிறாரு. நான் மீட்டர எடுத்தா ஊரே பேசாதா? மூக்கு போன மூக்கன்கிட்ட யாரு வண்டி விடுவா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அக்கா புருஷன் என்றும் பார்த்திருக்க மாட்டேன். அப்போது தகரக் கூரைமேல் சடசடவென்று மழை விழுந்தது. மாமாவின் முகம் வெளிறியது. மழை வந்தால் வாத்தியார் லைட் போடுவார். அந்தக் காலத்து வண்டி, ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது. ஒயர் உருகினால் தடுக்க ஒன்றுமில்லை. நான் பயந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்த வண்டியின் பின் கதவுகள் உள்ளேயிருந்து திறக்காது. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று ஒரு மாதமாக நான்தான் இழுத்தடித்துக்கொண்டிருந்தேன்.

ஃபோன் அடித்தோம். ஓட்டும்போது வாத்தியார் எடுக்க மாட்டார், அவ்வளவு ஒழுங்கான மனிதர். ஸ்கூட்டரை எடுத்தேன். பின்னால் மாமா என் தோளை நகம் பதியப் பிடித்திருந்தார். எதிரே வருகிற வண்டியெல்லாம் லைட் போட்டுக்கொண்டு வந்தது. "சீக்கிரம்டா, சீக்கிரம்டா" என்பதைத் தவிர அவர் வாயில் வேறு வார்த்தை இல்லை.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் வளைவில் கார் நின்றிருந்தது. ஹெட்லைட் எரிந்துகொண்டிருந்தது. உள்ளே ஒரே புகை. வாத்தியார் முன் சீட்டில் இருமிக்கொண்டே, அணைய மறுத்த சுவிட்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு கை கண்ணாடியைத் தட்டியது, மெதுவாக, பலமே இல்லாமல். நான் கதவைப் பிடுங்கித் திறந்து அந்த அம்மாவை அள்ளி எடுத்தேன். மாமா பானெட்டைத் தூக்கி பேட்டரி ஒயரை வெறுங்கையால் பிய்த்தார். லைட் அணைந்தது. புகை அடங்க வெகுநேரம் பிடித்தது.

மூடிக்கிடந்த ஒரு கடையின் வாசலில் ஒதுங்கினோம். காரின் ஹெட்லைட்டில் வெளிச்சம் போதவில்லை என்று யாரோ பெரிய பல்பாக மாட்டியிருக்கிறார்கள். அது இழுத்த கரண்டைப் பழைய மெல்லிய ஒயர் தாங்கவில்லை. மீட்டர் வைத்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

வாத்தியார் மாமாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். "அங்க இருந்துக்கிட்டே உங்களுக்கு வாடை தெரிஞ்சிருச்சு பாருங்க! உங்க மூக்குதான் இன்னிக்கு எங்களக் காப்பாத்துச்சு."

நான் மாமாவைப் பார்த்தேன். சும்மா இருந்தால் போதும், முப்பது வருடப் பெயர் இன்னும் பெரிதாகும். அவர் சும்மா இருந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"இல்ல சார்" என்றார் மாமா. "நாலு மாசமா எனக்கு எந்த வாடையும் தெரியாது. தெரியாமலேதான் உங்கள அனுப்பினேன்."

கும்பிட்ட கை இறங்கியது. அந்த அம்மா என் கையை விடாமல் மாமாவையே பார்த்தார்.

"அப்ப நான் சொன்னப்போ ஏம்ப்பா சிரிச்ச?"